நெல் புழுக்கும் பதமும் நினைவில் நிறுத்தும் சில்லும்

பதம் என்னும் சொல் தமிழரின் அடுக்களையிலும் நெற்களத்திலும் கொல்லனின் உலையிலும் ஒருங்கே வழங்குவது. வெல்லப்பாகுக்குப் பதம் உண்டு. சுண்ணச் சாந்துக்குப் பதம் உண்டு. காய்ச்சிய இரும்புக்கும் பதம் உண்டு. சூடும் காலமும் கூடி ஒரு பொருளைத் தக்க நிலையிற் கொண்டுவந்து நிறுத்தும் அந்த ஓர் இடத்தையே நம் முன்னோர் இச்சொல்லால் குறித்தனர். கைப்பழக்கத்தால் மட்டுமே அறியக்கூடியதாக இருந்த அவ்விடத்தை ஒரு சிறு மின்னணுச் சில்லுக்குக் கற்பிப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கக்கூடும். 2010-ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலைத் தமிழ்வழியிற் பயிற்றத் தொடங்கியபோது கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலுமே அவ்வாய்ப்பைப் பெற்றன, மின்னணுவியல் பெறவில்லை. அத்துறைக்கு வேண்டிய தமிழ் எழுத்தை வகுப்பறைக்கு வெளியே நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனை அயலூர் உதாரணங்களைக்கொண்டு தொடங்குவதைவிட, நம் அறந்தாங்கி வட்டாரத்தில் கண்முன் காணும் ஒரு தொழிலைக்கொண்டு தொடங்குவதே நன்று எனக் கருதுகிறோம்.

ஊறல் தொட்டி

அறந்தாங்கிப் பகுதி 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்டம் மாறினும் மண்ணின் தொழில் மாறவில்லை. மேட்டூர்த் திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயின் கடைமடை இப்பக்கத்தில்தான் இருக்கிறது. கடைமடை உழவருக்குத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்பதே ஆண்டுதோறும் ஒரு கேள்வி. அவ்வளவு பாடுபட்டு விளைந்த சம்பா நெல், அறுவடைக்குப் பின் அரிசியாகும் வழியில், ஊறல் தொட்டியில் ஓர் இரவிற் பாழாகிவிடுமாயின் அந்த இழப்பு ஓர் ஆண்டின் இழப்பாகும். ஆகவே அத்தொட்டியின் வெப்பநிலை சிறு செய்தியன்று.

புழுங்கலரிசி செய்யும் முறையைத் தமிழ்நாட்டாருக்கு விளக்கத் தேவையில்லை. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் உலர்த்தி, பின் அரைக்கிறோம். பழைய முறையில் நெல்லைக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பர். அத்தனை நாளும் தொட்டியில் நுண்ணுயிர்கள் பெருகி நீர் புளித்து நாறும். அந்நாற்றம் சோற்றிலும் சென்று தங்கும். மைசூரில் 1950-இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் இதற்கு மாற்றாக வெந்நீர் ஊறல் முறையை வகுத்தனர். ஏறத்தாழ 85 பாகை செல்சியசுக்குக் காய்ச்சிய நீரில் நெல்லைக் கொட்டுவர். நெல் சூட்டை வாங்கிக்கொள்ள, கலவை 70 பாகை அளவில் வந்து நிற்கும். அந்நிலையில் மூன்று மூன்றரை மணி நேரத்தில் ஊறல் முடிந்துவிடும். நாட்கணக்கு மணிக்கணக்காயிற்று, நாற்றமும் நீங்கிற்று. திருவாரூரின் நவீன அரிசி ஆலையில் ஓர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, தஞ்சையில் நெல் பதன்செய் ஆராய்ச்சி மையமாக வளர்ந்த நிறுவனமும் புழுக்கல் தொழிலைச் செம்மைப்படுத்துவதிற் பெரும்பங்கு ஆற்றியது.

ஆனால் அந்த 70 என்னும் எண் இருபுறமும் பள்ளமுள்ள வரப்பு. சூடு குறைந்தால் ஊறல் நீளும். நடுவெள்ளை மாறாத அரிசி ஆலையில் நொறுங்கும். மிகக் குறைந்தால் பழைய புளிப்பு திரும்பிவிடும். சூடு மிகுந்தால் மாப்பொருள் ஊறல் தொட்டியிலேயே கஞ்சிப்பதம் அடையத் தொடங்கும்; நெல் உப்பி உமி வெடிக்கும்; அரிசி பழுப்பேறும். பழுப்பேறிய அரிசிக்குச் சந்தையில் விலை இறங்கும் என்பதை வணிகர் நன்கறிவர்.

ஆலைகளில் உமி எரித்த கொதிகலனின் ஆவியே நீரைச் சூடாக்குகிறது. ஆவிக்குழாயின் வால்வைத் திறந்தும் மூடியும் சூட்டை ஆள்கின்றனர். பயிற்சிக் கூடத்தில் கொதிகலன் வைக்க இயலாது. ஆதலால் 100 லிட்டர் நீர் கொள்ளும் ஓர் எவர்சில்வர் அண்டாவும், 3 கிலோவாட் மின் ஹீட்டரும் நமக்குத் தொட்டியாகவும் ஆவியாகவும் இருக்கட்டும். அளவு சிறிதாயினும் கணக்கு ஒன்றே.

திறப்பதும் மூடுவதும்

இதற்கு மிக எளிய வழி இஸ்திரிப் பெட்டியின் வழி. சூடு குறைந்தால் ஹீட்டரை முழுதும் இயக்கு. எட்டியதும் முழுதும் நிறுத்து. துணிக்கு இது போதும். தொட்டிக்குப் போதாது. ஹீட்டரை நிறுத்திய பின்னும் அதன் கம்பியில் உள்ள சூடு நீருக்கு வந்துகொண்டே இருக்கும்; நீரின் அடியில் ஏறிய சூடு உணரியை எட்டச் சற்று நேரம் ஆகும். இத்தாமதத்தால் வெப்பநிலை இலக்கைக் கடந்து ஏறுவதும், பின் கீழே இறங்குவதுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

மேலும் நயமான வழி, குறைக்குத் தக்கபடி சூட்டை அளப்பது. இலக்குக்கும் இப்போதைய வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் ‘குறை’ என்போம்; இலக்கைக் கடந்துவிட்டால் அது ‘மிகை’. ஒரு பாகை குறைக்குப் பத்து விழுக்காடு வீதம் ஹீட்டரை இயக்குவதாக விதி வகுப்போம். பத்துப் பாகையோ அதற்கு மேலோ குறை இருக்கும்வரை ஹீட்டர் முழுவேகத்தில் இயங்கும். ஐந்து பாகை குறையில் பாதி வேகம். இலக்கை நெருங்க நெருங்கக் கை தானே தளர்கிறது. இதுவே விகிதசமக் கட்டுப்பாடு.

இது நயமாகத் தோன்றினும் இதில் ஒரு நிலையான ஊனம் உண்டு. கணக்கால் காண்போம். நம் அண்டா சுற்றுப்புறத்தைவிட ஒவ்வொரு பாகை கூடுதலாக இருக்கும்போதும் 15 வாட் வெப்பத்தை வெளியில் இழப்பதாகக் கொள்வோம். வெளியில் 30 பாகை. நீர் 70 பாகை. இழப்பு 600 வாட். ஆகவே நீரை 70-இல் நிறுத்த ஹீட்டர் எப்போதும் 20 விழுக்காடு இயங்கியாக வேண்டும். ஆனால் நம் விதிப்படி, நீர் 70-இல் நின்றால் குறை சுழி. குறை சுழியானால் ஹீட்டரும் சுழி! 20 விழுக்காடு வேண்டுமாயின் ஏறத்தாழ இரண்டு பாகை குறை நிலைத்திருக்க வேண்டும். நுணுகிக் கணக்கிட்டால் நீர் 68.1 பாகையில் நின்றுவிடும். இலக்கை எட்டாமையே இவ்விதி இயங்குவதற்குக் கூலி.

இரண்டு பாகைதானே, இலக்கை 72 என்று வைத்துவிட்டால் ஆயிற்று என்று கூறுவர். மார்கழி விடியலில் வெளிவெப்பநிலை 20 பாகையாகும்போது அதே அண்டா 67.6-இல் நிற்கும், பங்குனி நண்பகலில் வேறோர் எண்ணில் நிற்கும். மூடியைத் திறந்து வைத்தால் இன்னொன்று. இந்த நிலைக்குறை நாளுக்கும் பொழுதுக்கும் தக மாறுவது. விகித எண்ணைப் பத்திலிருந்து ஐம்பதாக உயர்த்தினால் குறை 0.4 பாகையாகச் சுருங்கும் என்பதும் உண்மை. ஆனால் அத்தனை கடுமையான விதி, முன்சொன்ன தாமதத்தோடு சேர்ந்து, திறப்பதும் மூடுவதுமாகிய பழைய ஊசலாட்டத்துக்கே நம்மைத் திருப்பிவிடும்.

மீகாமனின் கை

இவ்விடத்தில் தொட்டியை விட்டுச் சற்றே கடலுக்குச் செல்வோம். கோட்டைப்பட்டினத்திலோ செகதாப்பட்டினத்திலோ விசைப்படகு ஓட்டுவோரைக் கேட்டால் ஒரு செய்தி சொல்வர். பக்கவாட்டில் விடாது காற்றடிக்கும் நாளில் சுக்கானை நேரே பிடித்தால் படகு நேரே செல்லாது. சிறிது ஒருபுறம் சாய்த்தே பிடித்திருக்க வேண்டும். எவ்வளவு சாய்ப்பது என்பதைக் காற்று சொல்லாது. படகு சற்று நேரமாக ஒரே பக்கம் விலகிவருவதைக் கண்டு, கை தானாகவே சிறிது சிறிதாகச் சாய்ந்து, விலகல் நின்ற இடத்தில் நிற்கும். அதன்பின் விலகல் இல்லாதபோதும் கை சாய்ந்தபடியே இருக்கும். கையிற் சேர்ந்திருப்பது கடந்த நேரத்தின் நினைவு.

உருசியாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய நிக்கலாசு மினோர்சுகி என்னும் பொறியாளர் கப்பல் மீகாமர்களின் இந்தப் பழக்கத்தை உற்றுநோக்கி, அதனைக் கணிதமாக்கி 1922-இல் வெளியிட்டார். நல்ல மீகாமன் இப்போதைய விலகலை மட்டும் பார்ப்பதில்லை. சேர்ந்துவந்த விலகலையும், விலகல் கூடும் வேகத்தையும் உடன் கணிக்கிறான் என்பது அவர் கண்டது. 1923-இல் நியூ மெக்சிகோ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலில் அவருடைய முறை சோதிக்கப்பட்டது.

தன்னைத் தானே திருத்தும் கருவி என்னும் எண்ணம் இதனினும் மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தெசிபியசு, நீர்க்கடிகாரத்தின் நீர்மட்டம் மாறாதிருக்க மிதவை அடைப்பானைப் பயன்படுத்தினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மூசாவின் மக்கள் மூவர் எழுதிய ‘கிதாபுல் ஹியல்’ என்னும் நூலில் இத்தகைய மிதவை அடைப்பான்கள் பல விளக்கப்பட்டுள்ளன. அவர்கள் காலத்தில் அதே நகரில் இருந்த அல்குவாரிசுமியின் பெயரிலிருந்தே, நிரல் எழுதுவோர் நாள்தோறும் வழங்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல் பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரெபெல் என்னும் ஒல்லாந்தர் முட்டை பொரிக்கும் அடுப்புக்குத் தானே இயங்கும் வெப்பக்கட்டுப்பாடு அமைத்தார். வாட்டின் நீராவி எந்திரத்து வேகக்காப்பைப் பற்றி மாக்சுவெல் 1868-இல் எழுதிய கட்டுரை இத்துறையின் கணிதத்துக்குக் கால்கோள். இவற்றை விரிக்கின் தனி நூலாகும், தொட்டிக்குத் திரும்புவோம்.

தொகை என்னும் உறுப்பு

படகோட்டியின் கையைப் போலத் தொட்டியின் விதிக்கும் ஒரு நினைவை அளிக்க வேண்டும். நொடிதோறும் உள்ள குறையை ஓர் ஏட்டில் கூட்டிக்கொண்டே வருவோம். மிகை வந்தால் கழிப்போம். அக்கூட்டுத்தொகைக்குத் தக்கபடி ஹீட்டருக்குக் கூடுதலான ஒரு பங்கைத் தருவோம். கணிதத்தில் இது தொகையிடல். ஆகவே இதனைத் தொகை உறுப்பு என்கிறோம். தமிழ் மாணவருக்குத் தொகை என்றவுடன் எட்டுத்தொகை நினைவுக்கு வருவது இயல்பே. சிதறிக் கிடந்தவற்றை ஒன்றுசேர்த்தல் என்னும் பொருள் ஈரிடத்தும் ஒன்றுதான். சொல் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

இவ்வுறுப்பு என்ன செய்கிறது? நீர் 68.1-இல் நின்றால் 1.9 பாகை குறை நொடிதோறும் ஏட்டிற் சேர்கிறது. தொகை வளர, ஹீட்டரும் சிறிது சிறிதாகக் கூடுகிறது. நீர் 70-ஐ எட்டிக் குறை சுழியாகும்வரை இது நிற்காது. சுழியானபோது விகித உறுப்பு ஒன்றும் தருவதில்லை. தொகை உறுப்பு மட்டும் 20 விழுக்காட்டைத் தந்துகொண்டிருக்கும். பழைய ஆலைகளில் இந்த நிலைக்குறையைப் பணியாளர் ஒரு குமிழைத் திருகிக் கையாலே நீக்கி வந்தனர். அதைத் தானே செய்வதால் ஆங்கிலத்தில் இவ்வுறுப்புக்குத் ‘தானியங்கு மறு அமைவு’ என்று பொருள்படும் பெயரும் உண்டு.

தொகையின் வேகத்தை ஒரு காலத்தால் அளப்பர். அதனை ஒரு மணி நேரம் என்று கொள்வோம். அதாவது ஒரு பாகை குறை மாறாமல் ஒரு மணி நேரம் நீடித்தால், விகித உறுப்பு உடனே தந்த பத்து விழுக்காட்டுக்கு ஈடாக, தொகை உறுப்பும் ஒரு பத்து விழுக்காட்டைச் சேர்த்துவிடும். மிக விரைவாகத் தொகுத்தால் ஊசலாடும். மிக மெதுவாகத் தொகுத்தால் ஊறல் முடியும்வரை குறை நீங்காது. 1942-இல் சீகிளர், நிக்கல்சு என்னும் இருவர் இவ்வெண்களைத் தேர ஒரு வழி வகுத்தனர். தொகையை விலக்கிவிட்டு, விகித எண்ணை உயர்த்திக்கொண்டே சென்று, வெப்பநிலை ஒரே அளவாக ஊசலாடத் தொடங்கும் எல்லையைக் காண வேண்டும். அவ்வெண்ணில் 0.45 பங்கை விகிதத்துக்கும், ஓர் ஊசலின் காலத்தை 1.2-ஆல் வகுத்ததைத் தொகைக்கும் கொள்ள வேண்டும். வெறும் நீரில் செய்து பார்க்க நல்ல பயிற்சி; நெல் கிடக்கும் தொட்டியில் செய்யத்தக்கதன்று.

மினோர்சுகி கூறிய மூன்றாவது உறுப்பாகிய வேக உறுப்பை நாம் சேர்க்கவில்லை. நீர் மெதுவாகச் சூடேறுவது; உணரியோ படிப்படியாக எண் காட்டுவது. அந்தச் சிறு படிகளைப் பெருவேகம் என்று மயங்கி ஹீட்டரை அலைக்கழிக்கும் உறுப்பு நமக்கு வேண்டாததே.

சில்லுக்குள்

இனி இவ்விதியைச் சில்லில் எழுதுவோம். நுண்கட்டுப்படுத்தி என்பது கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு பேசும் கால்கள் ஆகிய யாவும் ஒரே சில்லில் அமைந்த சிறு கணிப்பொறி. 1980-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8051 நம் நாட்டுக் கல்லூரிப் பாடங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. இன்று மாணவர் கையில் எளிதிற் கிடைக்கும் அர்டுயினோ ஊனோ பலகையில் ஏட்மெகா 328பி என்னும் சில்லு இருக்கிறது. நிரலுக்கு 32 கிலோபைட்டு, வேலை நினைவுக்கு 2 கிலோபைட்டு. நம் வேலைக்கு இது மிகுதி.

முதலில் உணரி. எல்.எம். 35 என்னும் உணரி பாகைக்கு 10 மில்லிவோல்ட்டு வீதம் தரும். சில்லோ 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரித்துப் படிக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டு, அதாவது அரைப்பாகை. அரைப்பாகைக்குக் குறைந்த மாற்றம் சில்லின் கண்ணுக்குத் தெரியாது. சில்லின் உள்ளேயே உள்ள 1.1 வோல்ட்டு அளவையைத் தேர்ந்தால் ஒரு படி பத்தில் ஒரு பாகையாகிவிடும். 70 பாகைக்கு 0.7 வோல்ட்டே ஆவதால் இது பொருந்தும். டி.எஸ். 18பி20 என்னும் எண்வகை உணரி இன்னும் வசதி: பாகையைப் பதினாறு கூறாக்கிச் சொல்லும். ஒவ்வொரு முறை அளக்கவும் முக்கால் நொடி எடுத்துக்கொள்ளும் என்பதால் நொடிக்கு ஒரு முறை படிப்பது தகும். பதினாறில் ஒரு கூறு வரை காட்டினும் அதன் மெய்ம்மை அரைப்பாகைக்குள்தான். ஆதலின் நம்பத்தக்க ஒரு வெப்பமானியோடு 70 பாகையில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

ஹீட்டரை ‘20 விழுக்காடு’ இயக்குவது எப்படி? பத்து நொடியை ஒரு வட்டமாகக் கொண்டு, அதில் இரண்டு நொடி இயக்கி எட்டு நொடி நிறுத்தினால் ஆயிற்று. நூறு லிட்டர் நீருக்குப் பத்து நொடி ஒரு கணப்பொழுது. இதற்குச் சாதாரண ரிலே உதவாது. பத்து நொடிக்கு ஒரு முறை என்றால் நாளொன்றுக்கு 8,640 முறை. ஒரு இலட்சம் முறைக்கு உரிய ரிலே பன்னிரண்டு நாளிற் தேய்ந்துவிடும். அசையும் உறுப்பில்லாத சாலிட் ஸ்டேட் ரிலேயே ஏற்றது.

தொகையை எழுதுமிடத்தில்தான் முதன்முறை எழுதுவோர் பலரும் இடறுகின்றனர். அரைப்பாகை குறையென்றால், நம் விதிப்படி ஒரு நொடியில் ஹீட்டருக்குச் சேர வேண்டியது 0.0014 விழுக்காடு. விழுக்காட்டை முழு எண்ணாகச் சேமிக்கும் நிரலில் இச்சிறு பின்னம் ஒவ்வொரு முறையும் சுழியாக வெட்டுண்டு போகும். தொகை உறுப்பு இருந்தும் இல்லாததே. ஆகவே விழுக்காட்டைத் தொகுக்காமல் குறையையே தொகுத்து, வகுத்தலைக் கடைசியிற் செய்ய வேண்டும். குறையைப் பதினாறின் கூறுகளில் எண்ணினால் பின்னமே வராது. ஆனால் இங்கு வேறோர் இடர் காத்திருக்கிறது. தொடக்கத்தில் நீர் 30 பாகை. குறை 40 பாகை, அதாவது 640 கூறு. 16 துகள் கொண்ட எண்ணின் உச்சம் 32,767. நொடிக்கு 640 வீதம் சேர்ந்தால் 52-ஆவது நொடியில் எண் நிரம்பி வழிந்து எதிர்மறையாகப் புரளும். குளிர்ந்த தொட்டியைக் கண்டு சில்லு ஹீட்டரை அணைக்கும்! தொகைக்கு 32 துகள் ஒதுக்குவதில் கஞ்சத்தனம் கூடாது.

தொகைத் தேக்கம்

இத்துணை கவனமாக எழுதிய நிரலும் முதல் ஓட்டத்திலேயே நெல்லை வேகவைத்துவிடக்கூடும். காரணம் தொகையின் இயல்பிலேயே உள்ளது.

30 பாகையிலிருந்து 70-ஐ எட்ட, முழுவேகத்தில் இயங்கினும், நம் ஹீட்டருக்கு ஏறத்தாழ 104 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் ஏட்டில் குறை சேர்ந்துகொண்டே இருக்கும். கூட்டிப்பார்த்தால் 33 பாகை-மணி. ஹீட்டருக்கு அது இடும் கட்டளை 333 விழுக்காடு! ஹீட்டரால் தரக்கூடியது நூறுதான். மீதமுள்ளது வெறும் தேக்கம். நீர் 70-ஐத் தொட்டபோதும் ஏட்டில் 333 நிற்பதால் ஹீட்டர் அசையாமல் முழுவேகத்தில் ஓடும். மிகை சேர்ந்து சேர்ந்து அந்தத் தேக்கம் கரைய வேண்டும். அதற்குள் நீர் 85 பாகையைக் கடந்துவிடும். எட்டாத காலத்துக் குறைகளையெல்லாம் மறவாமல் சுமந்து வந்ததன் பயன், எட்டிய பின் அழிவு.

இதற்கு மருந்து எளிது. ஹீட்டர் உச்சத்தில் இயங்கும்போது, குறை இன்னும் இருப்பினும், அதனை ஏட்டிற் சேர்க்கக்கூடாது. அதுபோலவே ஹீட்டர் முற்றும் நின்றபின் மிகையைக் கழித்துக்கொண்டே போகவும் கூடாது; நம் தொட்டிக்குக் குளிர்விக்கும் உறுப்பு இல்லை என்பதை ஏடு அறிய வேண்டும். இவ்விரு வரிகளைச் சேர்த்தால் 60 பாகை வரை ஏடு வெறுமையாக இருக்கும். அதன்பின்னரே தொகை வளரும். அதே கணக்கை இப்படிச் செய்து பார்த்தால், உணரியின் தாமதத்தை நீக்கி எண்ணும்போது, நீர் 70-ஐக் கடந்து ஏறுவது ஒரு பாகைக்கும் குறைவு. இரண்டே வரிகள், 85-க்கும் 71-க்கும் உள்ள வேறுபாடு.

நம் ஊர்களுக்கு உரிய தேக்கம் ஒன்றும் உண்டு: மின்வெட்டு. சில்லு மின்கலத்தில் உயிரோடிருக்க, ஹீட்டர் மட்டும் இரண்டு மணி நேரம் அணைந்திருந்தால் நீர் 61 பாகைக்கு இறங்கும். சில்லோ தான் ஹீட்டரை இயக்குவதாகவே எண்ணிக் குறையைத் தொகுத்துக்கொண்டிருக்கும். ஆகவே மின்சாரம் இருக்கிறதா என்பதைச் சில்லுக்குத் தனியே ஒரு கம்பி வழியாகத் தெரிவித்து, இல்லாதபோது ஏட்டை மூடிவைக்கச் சொல்ல வேண்டும். சில்லும் சேர்ந்து அணைந்துவிட்டால் நேர்வது வேறு: தொகை அழிந்து, சேர்த்துவைத்த 20 விழுக்காடு பறிபோகும். அதனை அழியா நினைவகத்தில் எழுதிவைக்கலாம். ஆனால் அந்நினைவகத்தின் ஓரிடத்தில் ஒரு இலட்சம் முறை எழுதுவதற்கே உறுதி உண்டு. நொடிக்கு ஒரு முறை எழுதினால் 28 மணி நேரத்தில் அவ்வெல்லை வந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாங்கும்.

உணரியின் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் நிரல் எழுதுமுன்பே எண்ண வேண்டும். டி.எஸ். 18பி20 மின்சாரம் பெற்றவுடன், அளக்கும் முன்பு, 85 என்றொரு எண்ணை வைத்திருக்கும். கம்பி அறுந்தாலோ பலரும் வழங்கும் நிரல் தொகுப்பு சுழிக்குக் கீழ் 127 என்று சொல்லும். அதனை மெய்யென்று நம்பும் சில்லு, தொட்டி உறைந்து கிடப்பதாகக் கருதி, நீர் வற்றும்வரை ஹீட்டரை எரிக்கும். நம்பத்தகாத எண் வந்தால் ஹீட்டரை அணைத்து மணியடிக்க வேண்டும் என்பது நிரலின் முதல் வரியாக இருக்கட்டும். அதனோடு, சில்லின் சொல்லைக் கேளாமல் 80 பாகையில் தானே துண்டிக்கும் ஒரு தெர்மோஸ்டாட்டை ஹீட்டரோடு தொடராக இணைப்பதும், நிலக்கசிவுத் துண்டிப்பானும் தரைக் கம்பியும் இன்றி நீர்நிறைந்த அண்டாவில் மின்சாரத்தைத் தொடாதிருப்பதும் கட்டாயம். இவை நிரலில் எழுத முடியாதவை.

அமைத்து முடித்தபின் சோதனை ஒன்று. மார்கழியில் வெளிவெப்பநிலை 20 பாகையாக இருக்கும் விடியலில் ஒரு முறையும், பங்குனியில் 35 பாகையாக இருக்கும் நண்பகலில் ஒரு முறையும் அண்டாவை ஓடவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் நிலைத்தபின் திரையில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். வெப்பநிலை இருமுறையும் 70 என்றே இருக்கும். ஏட்டில் உள்ள தொகை மட்டும் விடியலில் 25 விழுக்காட்டையும் நண்பகலில் பதினேழரை விழுக்காட்டையும் காட்டும். இரு நாளும் ஒரே எண்ணைக் காட்டினால் தொகை உறுப்பு இயங்கவில்லை என்று பொருள். நிரலைத் திறந்து, வகுத்தலை எந்த இடத்தில் செய்தோம் என்று பார்க்க வேண்டும்.